படுத்தலும் உறங்குதலும் இளைப்பாறுதலும்

நீதிமன்றத்திலே சாட்சி கூறும் ஒருவர், "அன்றிரவு 10 மணிக்குப் படுத்தேன்" என்று தமிழிற் சொல்வதாகக் கொள்க. மொழிபெயர்ப்பாளர் அதனை 'ஐ ஸ்லெப்ட் அட் டென்' என்று ஆங்கிலத்தில் எடுத்துரைக்கின்றார். சற்று நேரத்தின் பின் அதே சாட்சி, 10.15 மணியளவில் அயல்வீட்டிலே கூக்குரல் கேட்டது என்கின்றார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் விடுவாரா? "10 மணிக்கே உறங்கிவிட்டவருக்கு 10.15க்குக் கூக்குரல் கேட்டது எவ்வாறு?" என்று மடக்குகின்றார். சாட்சி சொன்னதிலே பொய் ஒன்றுமில்லை. 10 மணிக்கு அவர் பாயிலே சாய்ந்தார், 10.15க்கு விழித்தபடியே கிடந்தார். தமிழிலே 'படுத்தேன்' என்பது பாயிற் சாய்ந்ததையும் குறிக்கும், உறங்கியதையும் குறிக்கும். இடம் நோக்கிக் கேட்போர் பொருளை உணர்ந்துகொள்வர். ஆங்கிலமோ அவ்விரண்டையும் வெவ்வேறு தொடர்களிலே வைத்திருக்கின்றது. 'ஐ வென்ட் டு பெட் அட் டென்' என்று பெயர்த்திருந்தால், வழக்கறிஞருக்கு அந்தக் கேள்வியே பிறந்திராது.

'ஸ்லீப்' என்னும் வினையை ஆங்கிலேயர் பெரும்பாலும் நீடித்து நிற்கும் ஒரு நிலைக்கே வழங்குவர். எவ்வளவு நேரம், எவ்வாறு, எங்கே என்னும் வினாக்களுக்கு அது விடையளிக்கும். எட்டு மணி நேரம் உறங்கினேன், நன்றாக உறங்கினேன், திண்ணையில் உறங்கினேன் என்பனவற்றுக்கெல்லாம் 'ஸ்லெப்ட்' பொருந்தும். எத்தனை மணிக்கு என்று கடிகாரத்தின் ஒரு புள்ளியைச் சுட்டிக் கேட்டால் மட்டும் அஃது இடறும். உறக்கத்தை ஒரு வீடு என்று கொண்டால், 'ஸ்லீப்' வீட்டினுள்ளே இருப்பதைக் குறிக்கும். 'ஃபோல் அஸ்லீப்' வாசற்படியைக் கடப்பதைக் குறிக்கும். 'கோ டு பெட்' படலையைத் திறந்து வளவுக்குள் வருவதோடு நின்றுவிடும். வளவுக்குள் வந்தவர் எல்லாரும் உடனே வீட்டினுள் நுழைவதில்லை என்பதை, இரவிலே முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்த எவரும் அறிவர்.

இவ்வேறுபாடு தமிழிலே இல்லையென்று எண்ணுதல் தவறு. 'உறங்கிப்போனான்', 'நித்திரையாகிவிட்டான்', 'கண்ணயர்ந்தான்' என்பன எல்லாம் வாசற்படியைக் கடக்கும் சொற்களே. விழிப்பினின்று உறக்கத்துக்குச் செல்லும் மாற்றம் 'போனான்', 'ஆகிவிட்டான்' என்னும் துணைச் சொற்களிலே தெளிவாக நிற்கின்றது. தமிழர் ஆங்கிலத்திலே தடுமாறுவது மொழியின் வறுமையால் அன்று. நாள்தோறும் 'படுத்தேன்' என்ற ஒரு சொல்லாலே காரியத்தை முடித்துக்கொள்ளும் பழக்கத்தாலேயே.

'கோ டு ஸ்லீப்', 'ஃபோல் அஸ்லீப்' என்னும் இரண்டும் ஏறக்குறைய ஒரே பொருளன. எனினும் முன்னதிலே மனத்தின் முயற்சி சிறிது கலந்திருக்கும். அதனாலேதான் தாய் தன் குழந்தையை நோக்கி 'கோ டு ஸ்லீப்' என்று ஏவ முடிகின்றது. 'ஃபோல்' என்பதோ விழுதல், தன்னையறியாமல் நேர்வது. விழு என்று ஏவினால் எவரும் உறங்கிவிட மாட்டார். 'கோ டு ஸ்லீப்' என்பதற்கு வேறொரு பொருளும் உண்டு. நெடுநேரம் சப்பாணி கட்டி இருந்தவரின் கால் மரத்துப்போனால், அந்தக் கால் 'ஹாஸ் கோன் டு ஸ்லீப்' என்பர். தமிழிலே கால் மரமாகின்றது. ஆங்கிலத்திலே கால் மட்டும் தனியே நித்திரைக்குப் போகின்றது!

'கோ டு பெட்' என்பதிலே 'பெட்' என்னும் சொல்லின் முன்னே 'த' என்னும் சுட்டு வருவதில்லை என்பதையும் நேயர்கள் கவனித்தல் நன்று. 'கோ டு த பெட்' என்றால், அறையிலே கிடக்கும் கட்டிலின் அருகே நடந்து செல் என்று பொருளாகிவிடும். படிப்பதற்குப் பள்ளி செல்வோரை 'கோ டு ஸ்கூல்' என்றும், பள்ளிக் கட்டடத்துக்குக் கூரை வேயச் செல்வோரை 'கோ டு த ஸ்கூல்' என்றும் சொல்லும் அதே விதிதான் இங்கும். கட்டில் என்னும் மரச்சாமான் மறைந்து, இரவுப் படுக்கை என்னும் வழக்கமே எஞ்சி நிற்கின்றது. ஆகவே, பாயை விரித்துப் படுப்பவரும் ஆங்கிலத்திலே 'கோ டு பெட்' செய்பவரே.

கந்தோர் உத்தியோகத்தருக்கு வில்லங்கம் தரக்கூடிய தொடர் ஒன்று உண்டு. நோயுற்ற பிள்ளையைப் பார்த்தபடி நள்ளிரவு கடந்து படுத்த ஒருவர், மறுநாள் வேலைக்குப் பிந்தி வருகின்றார். காரணம் எழுதுமிடத்து 'ஐ ஸ்லெப்ட் லேட்' என்று எழுதிவிடுகின்றார். பிந்திப் படுத்தேன் என்பது அவர் கருத்து. இங்கிலாந்திலே பிறந்த மேலதிகாரி ஒருவர் அதனை வாசித்தால், வெயில் ஏறும்வரை உறங்கிக் கிடந்தேன் என்றே விளங்கிக்கொள்வார். இந்தியாவிலும் இலங்கையிலும் ஆங்கிலம் பேசுவோர் பலர் ஒரு பொருளிலும், இங்கிலாந்தினரும் அமெரிக்கரும் அதற்கு நேர்மாறான பொருளிலும் இத்தொடரை வழங்குகின்றனர். எங்கள் வழக்கு எங்களுக்கு என்று வாதிடலாம். அதில் நியாயமும் உண்டு. ஆயினும் கடிதம் யார் கையிற் போய்ச் சேரும் என்று தெரியாதபோது, 'ஐ வென்ட் டு பெட் லேட்' என்று எழுதுவதே பாதுகாப்பு. நோயாளியின் அருகே விழித்திருந்ததை உணர்த்த 'சிட் அப் வித்' என்னும் அழகிய தொடர் ஆங்கிலத்திலே இருக்கின்றது. 'ஐ சாட் அப் வித் மை சைல்ட்' என்று எழுதியிருந்தால், அவர் குற்றவாளியாகவே தோன்றியிரார்.

விடிந்த பின்னும் உறங்குவதிலும் ஆங்கிலம் மனத்தின் எண்ணத்தை நோக்கிச் சொல்லை மாற்றுகின்றது. எழும்ப நினைத்தும் எழும்பாமற் போனால் 'ஓவர்ஸ்லீப்'. ஞாயிற்றுக்கிழமைதானே என்று வேண்டுமென்றே கிடந்தால் 'ஸ்லீப் இன்'. முன்னது மன்னிப்புக் கேட்க வேண்டியது; பின்னது எவரிடமும் கேட்க வேண்டாதது. ஸ்கொட்லாந்திலோ 'ஸ்லெப்ட் இன்' என்பது தவறி உறங்கிவிட்டதையே குறிக்கும். மொழி ஒன்றாயிருந்தும், எல்லை கடந்தவுடன் குற்றம் இடம் மாறுகின்றது.

'லை', 'லே' என்னும் இரு வினைகள் ஆங்கிலேயரையே மயக்குவன. 'லை' என்பது கிடத்தல். 'லே' என்பது கிடத்துதல். கிடந்தான், கிடத்தினான் என்னும் தமிழ் இணையை நினைவில் வைத்திருப்பவருக்கு இது வெகு எளிது. துன்பம் யாதெனில், 'லை' என்பதன் இறந்தகால வடிவமும் 'லே' என்றே ஒலிக்கின்றது. ஆகவே 'ஷி லே டவுன்' என்றால் அவள் சாய்ந்தாள். 'ஷி லெய்ட் த சைல்ட் டவுன்' என்றால் அவள் குழந்தையைக் கிடத்தினாள். பொய் சொல்லுதலைக் குறிக்கும் 'லை' வேறொரு வினை. அதன் இறந்தகாலம் 'லைட்'. 'ஐ லைட் ஒன் த பெட்' என்று எழுதுபவர், கட்டிலின் மேலிருந்து பொய் சொன்னதாகவே ஒப்புக்கொள்கின்றார்.

இந்தக் கிடத்தல் வினையின் பழைய ஆட்சி ஒன்று கொழும்பு நகரத்தாருக்குப் பழக்கமானது. 1879ஆம் ஆண்டு அங்கே திறக்கப்பட்ட டி சொய்சா பிள்ளைப்பேற்று மனை, ஆங்கிலத்திலே 'லையிங்-இன் ஹோம்' என்னும் பெயர் தாங்கியிருந்தது. மகப்பேற்றின் பொருட்டு ஒரு பெண் படுக்கையில் இருக்கும் காலத்தை 'லையிங்-இன்' என்பது அக்கால வழக்கு. இன்று இங்கிலாந்தில் 'லை-இன்' என்றால், விடுமுறை நாட்காலையிலே எழும்பாமற் சோம்பிக் கிடத்தல் என்றே பொருள். ஒரே வேரிலிருந்து ஒன்று தாய்மையின் களைப்புக்கும் மற்றொன்று ஞாயிற்றுக்கிழமைச் சோம்பலுக்கும் கிளைத்துவிட்டது.

'அஸ்லீப்', 'ஸ்லீப்பிங்', 'ஸ்லீப்பி' என்னும் மூன்றும் அடுத்து வரும் இடையூறு. 'ஸ்லீப்பி' என்பவர் இன்னும் உறங்கவில்லை. அவருக்கு நித்திரை வருகின்றது, அவ்வளவே. 'அஸ்லீப்' என்பவர் உறங்கிவிட்டார். இச்சொல் பெயருக்கு முன்னே அடையாக நில்லாது. 'த சைல்ட் இஸ் அஸ்லீப்' என்பது சரி. உறங்கும் குழந்தை என்று அடையாகச் சொல்லவேண்டின் 'எ ஸ்லீப்பிங் சைல்ட்' என்றே வரவேண்டும். 'ஃபாஸ்ட் அஸ்லீப்' என்பதைக் கேட்டு, விரைவாக உறங்கிவிட்டான் என்று கருதுவோர் பலர். இங்கே 'ஃபாஸ்ட்' என்பது விரைவு அன்று. அசையாமல் உறுதியாக நிற்றல் என்னும் பழைய பொருளையே அது தருகின்றது. புடவைக் கடையிலே சாயம் போகாத துணியை 'ஃபாஸ்ட் கலர்' என்று சொல்கின்றார்களே, அதே சொல்தான் இது. சாயம் துணியைப் பற்றி நிற்பதுபோல உறக்கம் ஆளைப் பற்றி நிற்கின்றது.

இருந்தவாறே உறங்கிவிடுவதற்கு 'நொட் ஒஃப்' என்பர். தலை அசைந்து விழுவதே அச்சொல்லின் கருத்து. தமிழிலே 'தூங்கி விழுதல்' என்பதும் இதே காட்சிதான். 'தூங்கு' என்னும் சொல்லுக்குப் பழந்தமிழிலே தொங்குதல், அசைதல் என்பன முதன்மையான பொருள்கள். வானிலே தொங்கிய கோட்டையைத் 'தூங்கெயில்' என்று புலவர்கள் குறிப்பிட்டனர். தொங்கி அசையும் தலையைக் கண்டே உறக்கத்துக்கும் அச்சொல் வந்திருத்தல் கூடும் என எண்ண இடமுண்டு. 'டோஸ்' என்பது இதனிலும் மெல்லிய அரைத்தூக்கம். அருகிலே பேசுவது காதில் விழும், பொருள் மனத்திற் பதியாது. 'நாப்' என்பது இவ்விரண்டினின்றும் வேறு. பகலிலே சிறிது நேரம் உறங்கி எழுவோம் என்று தீர்மானித்துப் படுப்பதையே பெரும்பாலும் அது குறிக்கும். சாரதி ஒருவர் வண்டியை ஓரத்தில் நிறுத்தி 'நாப்' எடுத்தார் என்றால் அவர் விவேகி. வண்டி ஓட்டுகையில் 'நொட் ஒஃப்' ஆனார் என்றால் பொலிசார் விசாரிக்க வருவர். இத்தகைய சிறு தூக்கத்தைத் தமிழர் கோழிக்கு உரியதாக்கிக் கோழித்தூக்கம் என்றனர். ஆங்கிலேயர் அதனைப் பூனைக்குக் கொடுத்து 'கட்-நாப்' என்றனர். இரு திறத்தாரும் முற்றத்தை நன்றாகவே பார்த்திருக்கின்றனர்.

இனி, உறங்காமலே களைப்பாறுதலுக்குரிய சொற்கள். 'ரெஸ்ட்', 'ரிலாக்ஸ்' என்னும் இரண்டையும் ஓய்வு என்றே பெயர்த்துவிடுவது வழக்கம். ஆயினும் அவை வெவ்வேறு துன்பங்களுக்கு மருந்து. 'ரெஸ்ட்' உழைப்பை நிறுத்துவது. பழைய உயர் ஜெர்மன் மொழியிலே இதற்கு இனமான 'ராஸ்தா' என்னும் சொல் ஓய்வையும் குறித்தது, வழித்தூரத்தின் ஓர் அளவையும் குறித்தது. வழிப்போக்கன் ஒரு முறை இளைப்பாறுமுன் நடக்கும் தூரம் என்பது அதன் கருத்தாகலாம். யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களின் ஓரத்திலே நின்ற சுமைதாங்கிக் கற்களும் இக்கருத்தின் வடிவங்களே.

'ரிலாக்ஸ்' என்பதோ இலத்தீன் வேரிலே தளர்வு என்னும் பொருளுடையது, இறுகியதைத் தளர்த்துவது. இறுகிய கையைத் தளர்த்தலாம், மனத்தைத் தளர்த்தலாம், சட்டத்தைக் கூடத் தளர்த்தலாம்; எல்லாவற்றுக்கும் இச்சொல் வரும். பூந்தோட்டத்திலே மண்வெட்டி பிடித்து வியர்வை சிந்துபவரும் ஆங்கிலத்திலே 'ரிலாக்ஸ்' செய்பவராகலாம். 'ரெஸ்ட்' எடுப்பவர் ஆகமாட்டார். மறுபுறம், கட்டிலிலே நாள்முழுதும் 'ரெஸ்ட்' எடுக்கும் நோயாளி, பரிசோதனையின் முடிவை எண்ணி ஒரு கணமேனும் 'ரிலாக்ஸ்' ஆகாமல் இருக்கலாம். ஊசி ஏற்றும் வைத்தியர் 'ரிலாக்ஸ்' என்று சொல்லும்போது, உறங்கு என்றோ ஓய்வெடு என்றோ அவர் சொல்லவில்லை; தசையை இறுக்காமல் தளரவிடு என்கின்றார். சினங்கொண்டு நிற்பவரிடம் அதே சொல்லைச் சொன்னால், அவர் சினம் இரட்டிப்பாவதே பெரும்பாலும் பலன்.

இளைப்பாறுதல் என்னும் தமிழ்ச்சொல் ஈழத்திலே உத்தியோகத்தினின்று விலகுவதையும் குறிக்கும். இளைப்பாறிய ஆசிரியர், இளைப்பாறிய தபாலதிபர் என்பன பத்திரிகைகளில் நாளும் காணும் தொடர்கள். வியப்பு யாதெனில், ஆங்கிலத்திலே 'ரிட்டயர்' என்னும் சொல்லும் இருபொருள் படுகின்றது. உத்தியோகத்தினின்று விலகுதல் ஒன்று. இரவிலே படுக்கைக்குச் செல்லுதலை மரியாதையாகச் சொல்லுதல் மற்றொன்று. பெரிய வீட்டிலே இரவு 9 மணிக்கு 'சேர் ஹாஸ் ரிட்டயர்ட்' என்று வேலைக்காரர் சொன்னால், ஐயாவின் உத்தியோகம் போய்விட்டதென்று கவலைப்பட வேண்டியதில்லை. 'ரெஸ்டிங்' என்பதற்கும் இங்கிலாந்து நாடக உலகிலே ஒரு குறும்புப் பொருள் உண்டு: நடிகர் ஒருவர் 'ரெஸ்டிங்' என்றால், அவருக்கு இப்போது வேலை எதுவும் கிடைக்கவில்லை.

இச்சொற்களின் வேறுபாடு நோயாளியின் கட்டிலருகே விளையாட்டாயிராது. இரவுக் கடமை செய்த தாதி, காலையிலே குறிப்பேட்டில் 'ஸ்லெப்ட் வெல்' என்று எழுதுகின்றார். நோயாளி உண்மையிலே கண்ணை மூடிக்கொண்டு வலியைப் பொறுத்துக் கிடந்தவர். குறிப்பைப் பார்த்த வைத்தியர், வலி தணிந்துவிட்டதென்று கருதி மருந்தைக் குறைத்துவிடக்கூடும். கண்மூடி அமைதியாய்க் கிடந்தார் என்பதற்கு 'ரெஸ்டட் குவாயட்லி' என்றும், உறங்கியதைக் கண்டால் மட்டும் 'ஸ்லெப்ட்' என்றும், விழித்திருந்தால் 'அவேக்' என்றும் எழுதுவதே நேர்மையான குறிப்பு. மேலும், உறங்குபவரைத் தொட்டு அழைத்தால் விழிப்பார். அழைத்தும் விழியாதவர் உறங்கவில்லை, நினைவிழந்திருக்கின்றார். அவரைப் பற்றித் தொலைபேசியிலே 'ஸ்லீப்பிங்' என்று சொன்னால், வரவேண்டிய உதவி பிந்திவிடும். 'அன்கொன்ஷஸ்' என்பதே அங்கே வேண்டிய சொல்.

'புட் டு ஸ்லீப்' என்னும் தொடர் இன்னும் கூரியது. தாய் தாலாட்டிக் குழந்தையை உறங்கவைப்பதும் இதுவே. தீராத நோயுற்ற நாயையோ பூனையையோ மிருக வைத்தியர் ஊசியேற்றி நோவின்றிச் சாகவிடுவதும் இதுவே. இறப்பை உறக்கமென்று மூடிச் சொல்லும் வழக்கம் பல மொழிகளிலும் உண்டு. ஆங்கிலத்தின் 'செமட்ரி', உறங்குமிடம் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழிலே மீளாத்துயில் என்போம். கத்தோலிக்கத் தமிழர் நித்திய இளைப்பாற்றி என்பர். பெரியோர்க்கு இந்த மூடுசொற்கள் ஆறுதல். சத்திரசிகிச்சைக்குக் காத்திருக்கும் சிறுபிள்ளைக்கோ அவை அச்சம். தன் வீட்டு நாய் 'புட் டு ஸ்லீப்' செய்யப்பட்டுத் திரும்பி வராததை அறிந்த பிள்ளையிடம், உனக்கும் அதையே செய்யப்போகின்றோம் என்று வைத்தியர் சொன்னால் அப்பிள்ளை என்ன நினைக்கும்? ஆதலினாலே ஆங்கிலம் பேசும் நாடுகளின் மருத்துவமனைகளில், சிறுவரிடம் இத்தொடரைத் தவிர்க்குமாறு பணியாளருக்கு அறிவுரை கூறுகின்றனர். வலி தெரியாதிருக்க மருந்து தருவோம், வேலை முடிந்ததும் விழித்துக்கொள்வாய் என்று, விழிப்பையும் சேர்த்தே சொல்லவேண்டும் என்பது அவ்வறிவுரை.

கடைசியாக, மருந்துப் போத்தலின் மேலே ஒட்டிய சிறு தாள். தும்மலுக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கும் சில மருந்துகளின் மேலே, 'மே கோஸ் டிரவ்ஸினஸ்' என்னும் எச்சரிக்கை பிரித்தானியாவிலே நெடுங்காலம் அச்சிடப்பட்டு வந்தது. 'டிரவ்ஸி' என்பது உறக்கம் அன்று. கண்ணிமை கனத்து, கைகால் மந்தமாகி, உறக்கம் இழுக்கும் நிலை. சொல்வதானால் அது மிகச் செம்மையான சொல்லே. ஆயினும், பொதுமக்களிடம் அந்த வாசகங்களைக் காட்டி, அவர்கள் எதனை விளங்கிக்கொள்கின்றனர் என்று சோதித்த பின், 2011ஆம் ஆண்டில் பிரித்தானிய மருந்து நூலிலே அவற்றை மாற்றினர். இந்த மருந்து உங்களை 'ஸ்லீப்பி' ஆக்கலாம் என்று எளிய சொல்லை இட்டனர். 'ஒபரேட் மெஷினரி' என்னும் கனத்த தொடரையும் விடுத்து, அப்படி நேர்ந்தால் வாகனம் ஓட்ட வேண்டாம், கருவிகளையோ இயந்திரங்களையோ பாவிக்க வேண்டாம் என்று எழுதினர். முந்திய வாசகத்தைக் கற்றவர் வாசித்தனர். பிந்தியதை, இருமலோடு இரவு வேலைக்குப் புறப்படும் லொறிச் சாரதியும் வாசித்து விளங்கிக்கொள்ளலாம்.